தெருவோரத்தில் ஓர் இடமும் கையில் ஒரு கடதாசியும்



சென்ற மாதம் வாசகி ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "மிஸ், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் அவித்த கடலையும் வடையும் விற்கலாம் என்று இருக்கிறேன். யாரிடம் கேட்க வேண்டும்? சும்மா போய் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்களா?" என்று எழுதியிருந்தார். கேட்டது இரண்டே கேள்விகள். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தபோது அவை அவ்வளவு சின்னக் கேள்விகளாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கதை ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கதையையே முதலில் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். மாத்தளை மாவட்டத்தில் ஒரு சிறு நகரம் என்பது போதும்.

அந்த அக்கா இந்த மாவட்டத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் பெற்றோர் பயந்து வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அப்போது அவர் கைக்குழந்தை. அங்கே காடு வெட்டிக் கச்சான் போட்டு, வன்னியிலேயே கல்யாணமும் நடந்து, 2009இல் கணவரையும் இழந்தார். முகாம் வாழ்க்கை முடிந்து, 2011இல் இரண்டு பிள்ளைகளுடன் சின்னம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "அம்மா இடுப்புல தூக்கிட்டுப் போன அதே ரோட்டாலதான் தங்கச்சி, நான் என் புள்ளைங்களக் கூட்டிட்டு வந்தேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அவர் சொன்னது ஏ-9 வீதியை. கண்டியில் தொடங்கி மாத்தளை, நாலந்த, நாவுல, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் வரை போகும் வீதி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்த எமது மலையக முன்னோர்களின் கால்களும் இந்தப் பக்கத்துப் பாதைகளிலேதான் தேய்ந்தன. 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின்போது இந்த வீதி திறந்ததும், 2006இல் மூடியதும், யுத்தம் முடிந்த பின் மீண்டும் திறந்ததும் வாசகிகளாகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீதியின் ஓரத்திலே, ஒரு பலகையும் இரண்டு கூடைகளும் வைத்து, வெற்றிலை, பாக்கு, கொரக்கா, கொஞ்சம் காய்கறி என்று அக்கா வியாபாரம் தொடங்கினார்.

"எழுத்தா? யார் எழுத்துக் கேட்டா?"

ஆறு வருடங்கள் அந்த இடத்தில் இருந்தார். ஒருவர் தினமும் வந்து நூறு ரூபா வாங்கிக்கொண்டு போவார். உள்ளூராட்சி மன்றத்தின் ஆள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பற்றுச்சீட்டு ஒருநாளும் தரவில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இருங்கள்" என்று மட்டும் சொல்வார்.

ஒரு திருவிழாக் காலத்துக்கு முன்பு, நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டுமென்று உத்தரவு வந்தது. காலையில் ட்ரக்டர் வந்தது. பலகையும் கூடையும் ஏற்றப்பட்டன. அன்று காலைதான் கடனுக்கு எடுத்த வெற்றிலைக் கட்டு முழுவதும் கூடைக்குள் இருந்தது. அக்கா எங்கள் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். நானும் அவரும் மன்றத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுதுவினைஞர் மரியாதையாகவே கேட்டார்: "உங்களிடம் என்ன எழுத்து இருக்கிறது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எழுத்தா? யாரு தங்கச்சி எழுத்துக் கேட்டா? தெனமும் நூறு ரூவா குடுத்தேனே."

ஆறு வருடங்களாக தினமும் நூறு ரூபா. கணக்குப் பார்த்தால் ஒரு சிறு வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருக்கலாம். அந்தப் பணம் மன்றத்துக்கு வந்ததாக எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அக்கா அங்கே இருந்தார் என்பதற்கும் எந்தப் பதிவும் இல்லை. நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் "முறைசாராத் துறை" என்று பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறேன். அதன் அர்த்தம் அன்றுதான் எனக்கு உறைத்தது. காசு கொடுத்தும் கணக்கில் இல்லாத வாழ்க்கைக்குத்தான் அந்தப் பெயர்.

நடைபாதையில் இன்னொரு பெண்

அன்று எனக்கு மன்றத்தின் மீது கோபம். ஏழைப் பெண்ணின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். எங்கள் மகளிர் குழுவில் ஒரு தங்கச்சி இருக்கிறார். செல்லடியில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்து, பொய்க்கால் போட்டு நடப்பவர். மாலைக் கூட்டத்தில் நான் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அக்காவுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் மிஸ், அந்தப் பக்கம் பெட்டியும் கூடையும் நிறைய இருக்கிறதால எனக்கு நடைபாதையில போக முடியாது. பெரிய ரோட்டுல இறங்கித்தான் போக வேணும். பின்னால பஸ் ஹோர்ன் அடிச்சா என்னால சட்டென்று ஒதுங்க ஏலாது."

கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. உட்கார்ந்து விற்பவரும் யுத்தத்தில் இழந்தவர். நடந்து போக வழி கேட்பவரும் யுத்தத்தில் இழந்தவர். இருவருக்கும் அதே நான்கடி நடைபாதைதான். தெரு பொதுச்சொத்து என்று சொல்லும்போது, அது நமக்கும் சொந்தம், நம் பக்கத்தில் நிற்பவருக்கும் சொந்தம் என்றுதான் அர்த்தம் கொள்ள வேண்டும்.

அனுமதிப்பத்திரம் எதற்கு என்று கேட்டால், நான் இப்போது சொல்லும் பதில் இதுதான். எங்கே உட்காரலாம், எத்தனை அடி எடுக்கலாம், எத்தனை மணிவரை இருக்கலாம், நடப்பவருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை எழுத்தில் வைக்கிற கடதாசி அது. உட்கார்ந்திருப்பவரைச் சும்மா எழுப்பிவிடாமல் அது காப்பாற்றும். நடப்பவரைப் பஸ்ஸின் முன்னால் இறங்கவிடாமலும் காப்பாற்றும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாய்ப்பேச்சு இந்த இரண்டில் ஒன்றையும் செய்யாது.

முதலில், இது யாருடைய வீதி?

மன்றத்தில் எமக்குத் தெரியவந்த இன்னொரு விடயம் எல்லோரையும் திகைக்க வைத்தது. அக்கா இருந்த இடத்துக்கு அனுமதி கொடுக்க அந்த மன்றத்துக்கே தனியாக அதிகாரம் இல்லை. ஏனென்றால் ஏ-9 மன்றத்தின் வீதி அல்ல.

இலங்கையில் எல்லா வீதிகளும் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. ஏ, பி என்று தொடங்கும் பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருகின்றன. 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க தேசிய பெருந்தெருக்கள் சட்டம் இவற்றுக்கு ஏற்புடையது. சி, டி வகை வீதிகளைப் பொதுவாக மாகாண அதிகாரிகள் பராமரிக்கிறார்கள். நகரத்துக்குள்ளும் கிராமத்துக்குள்ளும் உள்ள மற்றைய வீதிகள், ஒழுங்கைகள், சந்தைகள் ஆகியன மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. மாத்தளை மாவட்டத்தில் மாத்தளையிலும் தம்புள்ளையிலும் மாநகர சபைகள் இருக்கின்றன. உக்குவெல, இரத்தோட்டை, நாவுல, கலேவெல, யட்டவத்த போன்ற இடங்களில் பிரதேச சபைகள் இருக்கின்றன.

வீதி என்பது தார் போட்ட பகுதி மட்டுமல்ல என்பதையும் கவனியுங்கள். கான், நடைபாதை, அதற்கு அப்பால் வீதிக்கென ஒதுக்கிய நிலம் எல்லாமே வீதிதான். வெறும் நிலம்தானே என்று நினைத்து அதில் தகரம் போட்டுக் கடை கட்டினால், ஒருநாள் உடைக்க வருவார்கள். உங்களுக்குப் பின்னால் இருக்கும் கடை முதலாளி "என் கடை வாசல்தானே, இருந்துகொள்" என்று சொல்லி வாடகை வாங்கினால், அவர் தனக்குச் சொந்தமில்லாத இடத்துக்கு வாடகை வாங்குகிறார் என்றும் இருக்கலாம்.

ஆகவே, வாசகிச் சகோதரியே, உங்கள் முதல் கேள்வி "யாரிடம் கேட்பது?" என்பதற்கு முன்னால், "இந்த வீதி யாருடையது?" என்று கேளுங்கள். பிரதேச செயலகத்திலோ சபையின் தொழினுட்ப உத்தியோகத்தரிடமோ கேட்டால் சொல்வார்கள்.

கேட்கும் முறை

வீதியோர வியாபாரம், நடமாடும் வியாபாரம், வாரச்சந்தை ஆகியவற்றுக்கு உபவிதிகள் ஆக்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு இருக்கிறது. மாநகர சபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கின்றன. உபவிதி சபைக்குச் சபை வேறுபடும். அதனால் பக்கத்து ஊரில் நடந்ததை வைத்து உங்கள் ஊரில் வாதாட முடியாது. உங்கள் சபையின் உபவிதியையும் கட்டண விபரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். எமது குழுவில் நாங்கள் எழுதிப் பழகிய முறை இது:

உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி. என்ன பொருள் விற்கப் போகிறீர்கள். எந்த இடம், பக்கத்தில் என்ன அடையாளம் இருக்கிறது. எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம். எந்த நாட்கள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை. குப்பையை எப்படி அகற்றுவீர்கள். நடப்பவருக்கு எவ்வளவு இடம் விடுவீர்கள். கடைசி இரண்டையும் அதிகாரிகள் கேட்க முன்னரே நீங்கள் எழுதினால் உங்கள் விண்ணப்பத்துக்குத் தனி மதிப்பு வரும். சும்மா ஒரு படமும் கீறி இணையுங்கள். அடிக்கோல் வைத்துக் கீறத் தேவையில்லை. வீதி, கான், பஸ் தரிப்பிடம், உங்கள் மேசை ஆகியன தெரிந்தால் சரி. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் போக வேண்டும். அவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கை கழுவத் தண்ணீர், மூடி போட்ட பாத்திரம், சுத்தமான எண்ணெய் ஆகியவற்றைத்தான் முதலில் பார்ப்பார். கடலையும் வடையும் விற்க நினைக்கும் சகோதரி, சபைக்குப் போகும் அதே கிழமையில் அவரையும் போய்ப் பாருங்கள்.

விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். காசு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பல சந்தைகளில் கட்டணம் அறவிடும் உரிமையைக் கேள்விமனு மூலம் குத்தகைக்கு விடுகிறார்கள். அப்படிக் குத்தகைக்கு எடுத்தவரும் சீட்டுத் தரத்தான் வேண்டும். அந்தச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். ஆறு வருடச் சீட்டு இருந்திருந்தால், அந்த எழுதுவினைஞரின் கேள்விக்கு அக்கா டின்னையே மேசையில் வைத்திருப்பார்.

உங்கள் மொழியில்

அக்காவின் விடயத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. எழுத்து எதுவும் இல்லை என்று அவர் நினைத்தார். ஆனால் வீதியைத் துப்புரவாக்க வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் வந்து ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அது சிங்களத்தில் இருந்தது. பெயர் பதிகிறார்கள் என்று நினைத்து அக்கா கையெழுத்துப் போட்டார். கேட்கும்போது எழும்பிவிடுவேன் என்று அதில் எழுதியிருந்தது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் நீங்கள் தமிழில் கடிதம் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். மாத்தளையும் இதற்கு விலக்கு அல்ல. விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். "வாசித்துக் காட்டுங்கள், நாளைக்கு வைக்கிறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. உரிமை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

விண்ணப்பத்துக்குப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். சபையின் தகவல் உத்தியோகத்தரிடம், "இந்த வீதியில் வியாபாரம் செய்ய யார் யாருக்கு எந்த அடிப்படையில் இடம் கொடுத்திருக்கிறீர்கள்? என் விண்ணப்பம் என்ன நிலையில் இருக்கிறது?" என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் உத்தியோகத்தரே எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

கடதாசிக்கு விலை கேட்பவர்கள்

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் பிழை. கணவன் இல்லாத பெண் தனியாகக் காரியாலயத்துக்குப் போகும்போது சிலர் காசு மட்டும் கேட்பதில்லை. "பின்னேரம் வாருங்கள், கதைப்போம்" என்பார்கள். போன் நம்பர் கேட்பார்கள். பலர் இதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அந்த வியாபார யோசனையையே விட்டுவிடுகிறார்கள்.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் வெளிப்படையாகக் குற்றமாக்கியிருக்கிறது. கேட்டவரே குற்றவாளி. கேட்கப்பட்டதனால் உங்கள் மானம் போகாது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. காரியாலயத்துக்கு இருவராகப் போங்கள். எமது குழுவில் இப்போது ஒரு வழக்கம்: யாருக்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தாலும் இன்னொருவர் கூடப் போவார். பஸ் காசைக் குழு கொடுக்கும்.

அயல்நாட்டில் பெண்கள் செய்தது

இந்தியாவில் அகமதாபாத் நகரில் மாணிக் சவுக் என்ற சந்தைப் பகுதி இருக்கிறது. அங்கே பரம்பரை பரம்பரையாகக் காய்கறி விற்ற பெண்களைப் பொலிஸார் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். 1972இல் எலா பட் அம்மையார் தொடங்கிய சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம் அவர்களை ஒன்று சேர்த்தது. 1980களில் அந்தக் காய்கறிக்காரிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். ஆனால் எந்த மரத்தடியில் யாருடைய தாய் உட்கார்ந்தாள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இப்படி ஊர் ஊராக நடந்த போராட்டங்களின் பின்னர், 2014இல் இந்தியா தெருவோர வியாபாரிகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது.

அந்தச் சட்டத்தில் எங்களுக்குப் பாடமாக இருக்கும் சில விடயங்கள் உண்டு. நகரத்தில் எங்கே விற்கலாம் என்று ஆலோசிக்கும் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தெரிவுசெய்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை எழுப்பக்கூடாது. எழுப்புவதானால் 30 நாள் அறிவித்தல். பொருளைப் பறித்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். சான்றிதழ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அது காலாவதியாகும்வரை மனைவியோ பிள்ளையோ அதே இடத்தில் விற்கலாம். கடைசி வரியை எங்கள் கூட்டத்தில் வாசித்தபோது பல பெண்களின் கண் கலங்கியது. கணவனோடு இடமும் போனவர்கள் அவர்கள்.

சட்டம் இருந்தும் அங்கே பல நகரங்களில் விரட்டுகிறார்கள் என்பதும் உண்மை. எமது நாட்டில் அப்படியான தனிச்சட்டமும் இல்லை. ஆனாலும் கையில் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். சட்டபூர்வமான எந்தத் தொழிலிலும் ஈடுபடும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை பிரசைகளுக்குத் தருகிறது. அதற்குச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால் ஒருவரை மட்டும் பாரபட்சமாக எழுப்பினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு ஒரு மாதம்தான் காலம் என்பதால், ஆணைக்குழுவுக்கும் அந்த ஒரு மாதத்துக்குள் போங்கள். வழக்குப் பேசக் காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் வெளிநாட்டிலிருந்துதான். அமெரிக்காவில் நியூயோர்க் நகரம் 1980களில் தெருவோரச் சாப்பாட்டு வண்டி அனுமதிகளின் தொகைக்கு ஓர் எல்லை வைத்தது. என்ன நடந்தது? அனுமதி வைத்திருந்தவர்கள் பலர் வீட்டில் இருந்துகொண்டு அதை அரசாங்கக் கட்டணத்தைவிடப் பல மடங்குக்கு வாடகைக்கு விட்டார்கள். வெயிலில் வண்டி தள்ளியவர் வேறு ஆள். எங்களிடமும் இது உண்டு. "என் பெயரில் எடுத்துத் தருகிறேன், மாதம் இவ்வளவு தா" என்று மச்சானோ மாமாவோ கேட்பார். வேண்டாம். கடதாசி உங்கள் பெயரில் இருக்கட்டும்.

சில நாட்களுக்கு மட்டும்

மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் தேர்த்திருவிழாக் காலத்தில் வீதியெங்கும் தற்காலிகக் கடைகளைக் காண்கிறோம். வெசாக், நோன்புப் பெருநாள், புதுவருடம் ஆகியவற்றுக்கும் அப்படித்தான். எந்த ஊரானாலும், சில நாட்களுக்கு என்றாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். திருவிழாவுக்கு முதல் கிழமை போனால் நல்ல இடம் போய்விடும். இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே சபையில் விசாரியுங்கள்.

வியாபாரம் மட்டுமல்ல. வீடு திருத்த மணலும் கல்லும் வீதியோரத்தில் பறிப்பதற்கும், தண்ணீர்க் குழாய் எடுக்க வீதியை வெட்டுவதற்கும் வீதிக்குப் பொறுப்பானவரின் அனுமதி தேவை. வெட்டிய வீதியைத் திருத்துவதற்குக் காசும் கட்டச் சொல்வார்கள். குழாய் பொருத்த வருபவரிடம், "வீதி வெட்டும் அனுமதி எடுத்தாயிற்றா? கட்டிய காசுக்குச் சீட்டு எங்கே?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தொட விடுங்கள்.

அக்கா இப்போது

ட்ரக்டரில் போன வெற்றிலை திரும்ப வரவில்லை. பலகையும் ஒரு கூடையும் பதினைந்து நாட்களுக்குப் பிறகு கிடைத்தன. ஏ-9 ஓரத்து இடமும் கிடைக்கவில்லை. சந்தை வாசலுக்குப் போகும் சபை வீதியில், கானுக்கு உட்பக்கமாக, ஐந்தடிக்கு மூன்றடி இடம் எழுத்தில் கிடைத்தது. அதுவும் நான்கு மாதம் அலைந்த பிறகு. முதல் வருடம் வருமானம் பழைய இடத்தைவிடக் குறைவுதான். "ஆனா இப்ப காலையில ட்ரக்டர் சத்தம் கேட்டா வயித்தக் கலக்குறதில்ல" என்கிறார் அக்கா. அனுமதிப்பத்திரத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார். காலாவதித் திகதியை மகள் சிவப்பு மையால் கலண்டரில் குறித்துவைத்திருக்கிறாள். ஒரு மாதத்துக்கு முன்பே புதுப்பிக்கப் போய்விடுவார்கள்.

அந்த இடத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும், நடப்பவருக்கு விட வேண்டிய அகலத்தை அளந்து படம் கீறியதும் யார் தெரியுமா? பொய்க்கால் போட்ட அந்தத் தங்கச்சிதான். தன் ஊன்றுகோலை வைத்துத்தான் அளந்தார்.

2025 மே மாதத் தேர்தலின் பின்னர், இரண்டு வருடங்களுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலிருந்த உள்ளூராட்சி மன்றங்களில் மீண்டும் உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சட்டப்படி அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் சபையின் பெண் உறுப்பினர் யாரென்று தேடிப் போய்ப் பாருங்கள். எங்களுக்குச் சந்தையில் கழிப்பறை வேண்டும், மாலையில் வெளிச்சம் வேண்டும், விற்பதற்கு அளந்து கோடு போட்ட இடம் வேண்டும் என்று பத்துப் பெண்கள் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: சும்மா போய் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்களா என்று கேட்டீர்கள். ஆம், எழுப்பக்கூடும். ஆகவே சும்மா போய் உட்காராதீர்கள். இந்தக் கிழமையே ஒரு வெள்ளைக் கடதாசி எடுங்கள். மேலே இன்றைய திகதியையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். மீதியை எழுதச் சிரமமாக இருந்தால் உங்கள் மகளிர் குழுவில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அல்லது எங்களுக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், சேர்ந்து எழுதுவோம்.